செத்துக் கிடந்த தெரு

“நான் இருக்கிற தெரு முந்திச் செத்துக் கிடந்ததாம், பிள்ளை.”

இத்தாலியில், சீசா என்ற பகுதிக்குப் போகும் பேருந்தில் என் முன் இருக்கையிலிருந்த பெண்மணிதான் சொன்னார். அருகிலிருந்த இளையவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“ஆரக்கா சொன்னது?”

“எங்கடை வுச்சீரியாச் சந்தைப் பக்கத்துக்கு வெளிநாட்டுச் சனத்தைக் கூட்டிவாற வழிகாட்டி. ஒவ்வொருநாளும் என்ரை பல்கனிக்குக் கீழை நிண்டு, இஞ்சை முந்தி ஒருத்தரும் இருக்கேல்லை, ஹோட்டலுகள் வந்தாப்பிறகுதான் உயிர் வந்ததெண்டு கதைக்கிறான்.”

“உங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லுற வீட்டுக்காரரும் உந்தக் கதையைத்தானே சொல்லுறார்?”

“ஓம். கேட்டுக் கேட்டுப் பொறுக்கேலாமல் நேற்று எட்டிப் பாத்து இத்தாலியனிலை சொன்னன்: ‘என்ரை ரெண்டு பிள்ளையளும் இந்த வீட்டிலைதான் வளந்தவை. செத்த தெருவிலை ஆரும் பிள்ளை வளப்பினமோ?’”

“ஐயோ அக்கா! உங்களுக்குச் சரியான துணிவு. அவன் என்ன சொன்னவன்?”

“நேற்று சனத்தைக் கூட்டிக்கொண்டு அங்காலை போட்டான். இண்டைக்கு அவனே மேலை கையைக் காட்டி, ‘இந்தத் தெருவுக்கு உயிர் குடுத்த சிஞோரா, அந்த அம்மாதான்’ எண்டு சொல்லுறான். சனம் எனக்குக் கை அசைக்குது.”

இளையவள் சிரித்தாள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

பெண்மணி இறங்குவதற்கு மணியை அழுத்தினார்.

“இனி வீட்டுக்காரன் என்னை வீட்டை விட்டு எழுப்பினால், அந்த வழிகாட்டியின்ரை கதையும் செத்துப்போகும்.”