பியூஸ் கட்டையில் கொண்டை ஊசி

நகரி எந்த மாநிலத்தைச் சேரும் என்று திருப்பதிப் பேருந்து முழுவதும் வாதாடிக்கொண்டிருந்த வேளையில், என் முன்னிருக்கைப் பெண்மணி தம் கணவரிடம் வினவினார்:

“என் கொண்டை ஊசி எங்கய்யா?”

“பியூஸ் கட்டைல சொருகிட்டேன். கம்பி போட்டா தெனம் எரிஞ்சு போவுது. நீதான் மலைல மொட்டை போடப் போறியே, இனி ஊசி எதுக்கு?”

அருகிலிருந்த லைன்மேன் ஒருவர் பதறிப்போனார்.

“அண்ணா, கம்பி எரிஞ்சாத்தான் வூடு தப்பும். ஊசி எரியாது, வூடுதான் எரியும்!”

“அய்யோ, என் தம்பி அங்க தறி ஓட்டிக்கினு கீறானே!” என்று அலறிய பெண்மணி, புத்தூர் நிறுத்தம் வந்ததும் எழுந்தார்.

“அப்போ மொட்டை?” என்று முனகினார் கணவர்.

“முடி அடுத்த வாரமும் தலைலதான் இருக்கும். வூடு இருக்குமா? எறங்குய்யா!”