ஹாஸ்கின்ஸ் வீட்டு வெள்ளி மடல்

மடலின் தலைப்பு வரி நான்கு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. போனால் கைபேசித் திரையில் பாதி வெட்டுப்பட்டுவிடும், பாதி வரியைப் பார்த்து யாரும் மடலைத் திறக்க மாட்டார்கள். இதை எனக்குச் சொன்னவள் என் மருமகள் கொரீன். ஆய்வாளர் அம்மா, நீங்கள் அவளைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். முறையாகச் சொல்கிறேன். காபி ஆறுகிறது, குடியுங்கள்.

வெர்மான்டின் இந்த மலைச்சரிவில் ஐந்து தலைமுறையாக நாங்கள் மேப்பிள் மரங்களில் சாறு இறக்கிப் பாகு காய்ச்சுகிறோம். எங்கள் தகரக் குப்பியில் படம் கிடையாது. ஹாஸ்கின்ஸ் என்ற பெயர் மட்டும் இருக்கும். பெயர் போதும் என்பார் என் அப்பா.

பாகை இணையத்தில் விற்பதற்காக மின்னஞ்சல் மடல் ஒன்றைத் தொடங்கியவன் என் மகன் டேல், கொரீனின் கணவன். புற்றுநோய் அவனைக் கொண்டுபோன பிறகு நான் எழுதினேன். மரங்களின் வயது, பாகின் தரம், மாவட்டக் கண்காட்சியில் என் தாத்தா வாங்கிய பதக்கம் என்று ஒழுங்காக எழுதினேன். ஒரு பிழை இருக்காது. யாரும் திறக்கவில்லை. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைக் கணினி காட்டிவிடுகிறது. அதைக் காட்டாமல் இருந்திருந்தால் நான் நிம்மதியாக எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

கொரீன் ஒருநாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"மாமா, இது மடல் இல்ல, கல்லறைக் கல்லு."

"எழுதினது சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருந்தா யாருக்கு வேணும்? சமையக்கட்டுல உக்காந்து ஒரே ஒருத்தர்கிட்ட பேசுற மாதிரி எழுதுங்க. அப்புறம், அந்த இடத்துல இருந்தவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணை உள்ள வைங்க. அது இருந்தா படிக்கிறவங்க விடமாட்டாங்க."

நீயே எழுது என்று கொடுத்துவிட்டேன். வெள்ளிதோறும் எழுதினாள். சாறு வரும் குழாயைக் கடித்த அணில்களை நான் திட்டியதை எழுதினாள். செத்துப்போன டேலின் காலுறைகளைத் தான் இன்னமும் துவைத்து மடித்து வைப்பதை எழுதினாள். பார்த்திராத ஊர்களிலிருந்தெல்லாம் பதில் வந்தது, பாகு விற்றது. கடைத்தெருவில் என்னை 'அணில் தாத்தா' என்றார்கள். பொறுத்துக்கொண்டேன். எனக்கு எழுபத்தாறு வயது. பொறுமை தெரியும்.

பிறகு இந்த மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, 'வாரனின் இடது கை' என்று தலைப்பு வந்தது. கீழே, முதல் பகுதி.

வாரன் என் தம்பி. மாசசூசெட்ஸில் இருக்கிறான். அவனுக்கு ஒன்பது வயதில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அப்பா மரங்களுக்குப் போனார். பையன் தூங்கிவிட்டான். கொப்பரை தீய்ந்துவிட்டது, ஒரு வாரச் சாறு போயிற்று. அப்பா வந்து அவன் இடது கையைப் பிடித்து அடுத்த கொப்பரையில் கொதித்துக்கொண்டிருந்த பாகில் முக்கினார். மணிக்கட்டு வரைக்கும்தான். உடனே வெளியே கொண்டுபோய்ப் பனியில் புதைத்தார். பாகு இறுகிவிட்டது. அதை உரித்தபோது தோலும் கூடவே வந்தது. அப்பா கொடுமைக்காரர் அல்ல. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு கொப்பரை கூடத் தீய்ந்ததில்லை.

முதல் பகுதியைப் பையன் தூங்குவதோடு அவள் நிறுத்தியிருந்தாள். பதில்கள் குவிந்தன. அப்புறம் என்ன ஆயிற்று என்று எல்லாரும் கேட்டார்கள்.

மறுவாரம் வியாழன் மதியம் காய்ச்சும் கொட்டகைக்குப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் கணினியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் பகுதி போகக் கூடாது என்றேன்.

"சின்ன மாமாகிட்ட போன்ல கேட்டுட்டேன். எழுதிக்கோன்னுட்டார். கை அவரோடதுதானே."

"குடும்பம் என்னோடது."

"குடும்பத்தை நீங்க எழுதினப்போ எத்தனை பேர் படிச்சாங்க? நீங்களும் பாதிரியாரும். அவரும் பாதியிலேயே தூங்கியிருப்பார்."

அவள் கெட்ட பெண் அல்ல. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விறகு பிளக்கும் கோடரி சுவரோரம் இருந்தது. அதன் பின்பக்கம் சம்மட்டி போல மொட்டையாக இருக்கும். கூர்ப்பக்கத்தை நான் பயன்படுத்தவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. பெஞ்சிலிருந்து சரிந்து, "மாமா, அடுப்பு" என்றாள். அடுப்பில் விறகு குறைந்திருந்தது உண்மைதான். கடைசிவரை வேலையில் கவனமாக இருந்தாள், அதை நான் மறைக்க மாட்டேன். அதன்பிறகு இன்னும் இரண்டு முறை அடிக்க வேண்டியிருந்தது. கணினியின் மேல் தெறித்ததை என் சட்டைக் கையால் துடைத்தேன். நல்லவேளை, அது கெடவில்லை.

எங்கள் அடுப்பு முழு நீள மரக்கட்டைகளை விழுங்கும். சாறு இறங்குகிற நாட்களில் அணைவதே இல்லை. மற்றதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். கொஞ்சம் துண்டாக்க வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் கூர்ப்பக்கம்.

ஆனால் கூரை வழியாக ஆவி போவதைப் பார்த்தால் அக்கம்பக்கத்தார் சொல்லாமல் கொள்ளாமல் கொட்டகைக்குள் வந்துவிடுவார்கள். இது இந்தப் பக்கத்து வழக்கம், வந்தவரை வெறும் வாயோடு அனுப்பவும் கூடாது. நான் தரையைக் கழுவி முடித்த சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு மெர்ல் வந்தான். பனியை ஒரு தட்டில் அள்ளி, சூடான பாகை ஊற்றி, புளித்த வெள்ளரித் துண்டோடு கொடுத்தேன். மூக்கை உறிஞ்சினான்.

"என்னடா எல்வுட், கொழுப்பை ரொம்பக் கட்டித் தொங்க விட்டுட்டியா? வாசம் தூக்குது."

கொதிக்கும் பாகின் நுரை அடங்க, கொப்பரைக்கு மேலே உப்பிட்ட பன்றிக் கொழுப்பு ஒரு துண்டு தொங்கவிடுவோம்.

"இன்னிக்கு நுரை ஜாஸ்தி" என்றேன்.

"உன் மருமக எங்க? ரெண்டாம் பகுதி நாளைக்கு வருமா வராதா? வரலேன்னா என் பெண்டாட்டி எனக்குச் சோறு போட மாட்டா."

"அக்கா வீட்டுக்கு கியூபெக் போயிருக்கா" என்றேன். அவன் இன்னொரு தட்டு வாங்கித் தின்றான்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் எழுதியதை நீக்கிவிட்டு, என் தாத்தாவின் பதக்கத்தைப் பற்றி எழுதி அனுப்பினேன். மடலின் அடியில் 'இனி வேண்டாம்' என்று ஒரு பொத்தான் உண்டு. சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் அதை அழுத்திவிட்டார்கள். கொரீன் எங்கே, கை என்ன ஆயிற்று என்று பதில்கள். அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். ஐந்து தலைமுறைப் பெயரைச் சுமக்கிற மடலை இப்படி உதறுகிறார்களே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களுக்கும் ஒரு குடும்பப் பெயர் இருக்கும், புரியும்.

நீக்கியதைக் கணினியின் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் படித்தேன். சுமார்தான். சில இடங்களைத் திருத்தினேன். பிறகு முழுவதையும் நானே எழுதினேன். ஒரே ஒருவரிடம் பேசுவது போல எழுதினேன். அந்த இடத்தில் இருந்தவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை உள்ளே வைத்தேன்: கொட்டகைக் கதவை வெளியிலிருந்து அம்மா இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருக்க, உள்ளே மூத்தவன் கொண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கீழே கொரீன் பெயரைப் போட்டேன். மடல் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு பேர் திறந்ததில்லை. ஒரு பெண் அழுதுகொண்டே படித்ததாக எழுதியிருந்தாள்.

அன்று மதியம் வாரன் கூப்பிட்டான்.

"அண்ணே, கொரீனைக் கூப்பிடு."

"அவ ஊர்ல இல்ல."

"கொண்டி விஷயத்தை நான் அவகிட்ட சொல்லவே இல்லையே. உன்னைக் காட்டிக் கொடுக்க வேண்டாம்னு இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல. அதை எழுதினது யாரு?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "அவ எங்க, அண்ணே?" என்றான். பிறகு உங்களைக் கூப்பிட்டிருக்கிறான்.

சாம்பலை மூன்றாம் வரிசை மரங்களின் அடியில் கொட்டியிருக்கிறேன், தோண்டிப் பாருங்கள். கொன்றது நான்தான், வேறு யாருக்கும் பங்கில்லை. குடும்ப மானத்துக்காகச் செய்தேன். அந்தக் கதை வெளியே போகக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. நீங்களும் மடல் வாங்குகிறவர்தான் என்று உங்களோடு வந்த பையன் சொன்னான். மூன்றாம் பகுதி கணினியில் தயாராக இருக்கிறது. கோடரி, மெர்ல், பன்றிக் கொழுப்பு எல்லாம் அதில் வருகிறது. 'கொரீன் எங்கே போனாள்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். மூன்றே சொல். விலங்கு மாட்டுவதற்கு முன் அந்த அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவிடுங்கள். இந்த முறை கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன்.