அதிபரின் இடது காது

— உன் பச்சைப் புடவையைப் பத்தி எழுதியிருக்கான், வைஷாலி! தூதரா, புடவைக் கடைக்காரனா?

— மெதுவா பேசுங்க திலீப். தேக்கா மார்க்கெட்டே நம்மளைப் பாக்குது.

— பாக்கட்டும் லா! அவன் தன் நாட்டுக்கு அனுப்பின ரகசியக் கடிதம் வெளிய கசிஞ்சு, ஊரே போன்ல படிக்குது. ஒரு பிரதமரைக் கஞ்சன்ங்கிறான், ஒரு மந்திரியைத் தூங்குமூஞ்சிங்கிறான். என் பொண்டாட்டி மட்டும் அறிவாம், அழகாம்!

— நான் மொழிபெயர்ப்பாளர். அன்னிக்குச் சந்திப்புல அதிபர் பேசப் பேச, பக்கத்துல உக்காந்து இங்கிலீஷ்ல சொன்னேன். தூதர் எதிர்ல இருந்தாரு, பாத்தாரு.

— அதானே, பாத்தாரு! எனக்கு வயிறு எரியுது, சொல்லிட்டேன்.

— எனக்குப் பத்து மணிக்கு விசாரணை. ஆபீஸ் பாஸை நேத்தே வாங்கிட்டாங்க. பதினாறு வருஷ வேலைங்க.

— புடவைக்காகவா?

— காதுக்காக. அதிபருக்கு இடது காது சுத்தமா கேக்காது, அந்தப் பக்கம் உக்காந்து என்ன கேட்டாலும் தலையாட்டுவாருன்னு கடிதத்துல இருக்கு. அது அவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

— அப்ப நீதான் அவன்கிட்ட சொல்லியிருக்க! அவ்வளவு நெருக்கமா?

— அன்னிக்கு ராத்திரி வீட்டுல உங்ககிட்ட சொன்னதோட சரி. வெளிய மூச்சு விடல.

— யாரு நம்புறது? மறுநாள் விருந்துல எல்லாரும் உன்னைச் சுத்தித்தான் நின்னாங்க. நான் சட்டையில "வைஷாலியின் கணவர்"னு அட்டை குத்திக்கிட்டு ஓரமா. என் பேரைக்கூட போடல.

— உங்ககிட்ட யாருமே பேசலையா?

— அவன்தான் வந்தான், அந்தத் தூதன். அன்னிக்கு மரியாதையாத்தான் இருந்தான். தட்டுல கறி எடுத்து வெச்சுக் கொடுத்து, உலக அரசியல் பத்தி என்ன நினைக்கிறீங்க சார்னு கேட்டான். செம்பவாங் ஷிப்யார்டுல இருபது வருஷமா கப்பலுக்கு வெல்டிங் பண்றேன், ஒருத்தன் என்னைச் சார்னு கூப்பிட்டதில்ல.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என்னமோ பேசினேன். ஒரு மணி நேரம் இருக்கும். அதிபரைப் பத்தி எனக்கும் நாலு விஷயம் தெரியும்னு... ஏன் அப்படிப் பாக்கிற?

— கடிதத்துல நாலாம் பக்கம் படிச்சீங்களா?

— இல்ல. புடவையோட நிறுத்திட்டேன்.

— கேளுங்க. "மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்க மாட்டார். கணவருக்கு மனைவிமேல் பொறாமை. ஒரு முறை 'சார்' என்று அழைத்தால் போதும்."