கூரை மரங்கள் மலைக்குள் போன கதை

மேடையில் இருக்கும் போதகர் அன்செல்மோ ஐயா அவர்களே, சுரங்கக் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூப்பரின் மனைவி சகோதரி ரெமேதியோஸ் அவர்களே, வேலை உடையோடே வந்திருக்கும் என் தோழர்களே! கர்த்தருடைய சமாதானம் உங்களோடு இருக்கட்டும். என் நெஞ்சில் இன்று அது இல்லை.

நம் முன்னே சவப்பெட்டி இல்லை. மூப்பர் சத்தூர்னினோ கோல்கே இன்னும் மலைக்குள்தான் இருக்கிறார்.

சபைக்கு அவர் மூப்பர், சுரங்கத்துக்குத் தச்சர். நாம் வெள்ளீயம் வெட்டும் வழிகளில் பாறை இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. அவரோடு பல வருடம் மரம் சுமந்தவன் நான். உள்ளே நுழைந்ததும், களைப்புத் தெரியாமல் இருக்க நாம் மெல்லும் கொக்கா இலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு, கோடரியின் பின்பக்கத்தால் பாறையைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். ஒருநாள், "என்ன அண்ணே, மூப்பரா இருந்துக்கிட்டு ஜெபம் பண்ணாமலே வேலையத் தொடங்குறீங்க?" என்று கேலி செய்தேன்.

"இதுதான்டா ஜெபம். சத்தம் போடாம இரு" என்றார்.

இந்த மழையில் இரண்டாம் சுரங்க வழியில் பாறை வெடிப்பு விடத் தொடங்கியது. பாதையை மழை அடித்துக்கொண்டு போனதால் மர லாரி மேலே ஏறவில்லை. ஊரில் இருந்த மரமெல்லாம் இந்த ஆலயத்தின் கூரைக்காக வாங்கி அடுக்கிய தைல மரங்கள் மட்டுமே. அவற்றைத்தான் அவர் கேட்டார்.

சபை கூடியது. காணிக்கையில் வாங்கிய மரத்தை மண்ணுக்குள் புதைப்பதா என்று பலர் கொதித்தார்கள். ஆண்டுவிழாவுக்கு லா பாஸ் நகரத்திலிருந்து விருந்தினர் வருகிறார்களே என்றார்கள். போதகர் ஐயாவும் தயங்கினார். அதையும் இங்கே சொல்லும்படி அவரே என்னிடம் கேட்டுக்கொண்டார். சத்தூர்னினோ எழுந்தார்.

"கூரை இல்லேன்னா நனைஞ்சுக்கிட்டே பாடலாம். பாடுறவன் செத்துட்டா கூரை யாருக்குய்யா?"

எதிர்த்தவர்களே மறுநாள் மரம் தூக்கினார்கள்.

கடைசி வளைவுக்கு முட்டுக் கொடுத்து முடிப்பது மட்டும் பாக்கி இருந்தபோது மலை முனகியது. சத்தூர்னினோ எங்களை ஓடச் சொல்லிக் கத்தினார். அவர் கொடுத்த முட்டுகளின் கீழேதான் நாங்கள் ஓடினோம், ஒன்றுகூடச் சாயவில்லை. அவர் ஏன் எங்களோடு வரவில்லை? வளைவுக்கு அந்தப் பக்கம் எங்கள் தோழன் மாக்சிமோ இருந்தான். அவன் கடந்து வரும்வரை, சரியும் மரத்தடியில் ஆப்பு அடித்துக்கொண்டே நின்றார். அவன் கடந்தான். வளைவின் பாறை அவர்மேல் இறங்கியது. அதோ, மாக்சிமோ உட்கார்ந்திருக்கிறான்.

உடனே தோண்டி அவரை எடுக்கக் கிளம்பினோம். சகோதரி ரெமேதியோஸ் சுரங்க வாசலில் வழிமறித்து நின்றார்.

"அவர எடுக்கப் போயி இன்னொரு வீட்ல அழுகை வேணாம். முட்டுக் குடுத்துக்கிட்டே மெதுவா போங்க. அவர் எங்கயும் போயிட மாட்டாரு."

இதைவிட நான் என்ன பேசிவிட முடியும்?

தலைவர் அவர்களே, திங்கட்கிழமை மூன்றாம் வழியைத் திறக்க வேண்டும் என்கிறீர்கள். அங்கேயும் பாறை வெடித்திருக்கிறது. முட்டுக் கொடுத்து முடிக்கும்வரை எங்களில் ஒருவரும் வெள்ளீயம் வெட்ட உள்ளே போகமாட்டோம். இதை இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரோடிருப்பவர்கள் வேலை செய்யும் வழிக்கு முதலில் முட்டுக் கொடுப்போம். அதன்பின் அடி அடியாக அவரிடம் போவோம்.

மிச்ச மரங்கள் வெளியே மழையில் கிடக்கின்றன. கடைசி ஜெபம் முடிந்ததும், தோள் கொடுக்க முடிந்தவர்கள் வீட்டுக்குப் போக வேண்டாம்.