எனக்குத் தோதான காலேஜ்

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் பஸ். சாரல் அடிக்கிறது என்று ஷட்டர்களை இறக்கிவிட்டிருந்தார்கள். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்களும், ஓரத்தில் பிளஸ் டூ முடித்த வயதில் ஒரு பெண்ணும்.

“அவளுக்கு இல்ல மதினி, எனக்குத் தோதான காலேஜைத்தான் தேடுதேன்” என்றாள் நடுவில் இருந்தவள். நான் போனைப் பையில் போட்டேன்.

“ஏட்டி, படிக்கப்போறது ஒம் மவள்லா?”

“அவளுக்கு எழுத்தெல்லாம் எடம் மாறித் தெரியுது. வாசிக்கதுக்குள்ள அழுதுருதா. காதால கேட்டா ஒண்ணு விடாம சொல்லுவா. இம்புட்டு வருசமும் நான்தான வாசிச்சுக் காட்டுனேன்? காலேஜ்ல இங்கிலீஷ் புஸ்தகமாம். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதே.”

“வாசிச்சுக் காட்ட ஆள் வச்சிருக்க காலேஜ் திருநெல்வேலில இருக்குன்னாவளே?”

“இருக்கு. டாக்டர் சர்டிபிகேட் வேணுமாம். ஒங்க தம்பி வாங்கக்கூடாதுன்னுட்டாவ. ‘வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவள எவன் கெட்டுவான்?’ங்காவ.”

மதினி ஓரத்தில் இருந்த பெண்ணின் பக்கம் குனிந்தாள்.

“நீ என்னட்டி படிக்கணும்னு நெனச்சே?”

“செடி கொடியப் பத்திப் படிக்கணும்னு நெனச்சேன் அத்தை. அது இங்கிலீஷ்லதான் இருக்காம். வரலாறு தமிழ்ல இருக்கு. அதுல சேந்துக்கிடுதேன்.”

“வரலாறு ஒனக்குப் பிடிக்குமா?”

“அம்மைக்கு வாசிக்க வரும்லா.”