முதலில் கைதட்டியவர்

காந்திபுரத்திலிருந்து கருமத்தம்பட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். “பிஷப்பைச் சுட்டப்ப ஒருத்தருமே திரையப் பாக்கலீங்க்கா” என்றாள் இளையவள். நான் பார்த்துக்கொண்டிருந்த கைபேசியை அணைத்துவிட்டேன்.

“அப்புறம் எங்க பாத்தீங்க?”

“கவுன்சிலரத்தான். நேத்து சர்ச் ஹால்ல ஃபாதர் ஒரு படம் போட்டாருங்க. சர்க்காரை எதுத்துப் பேசுன வெளிநாட்டு பிஷப்போட கதை. கூப்புடாமயே கவுன்சிலர் வந்து மொத வரிசைல உக்காந்துட்டாரு.”

“நம்ம கல்லறைக்குப் போற வழிய அடைச்சுப்போட்டவரா?”

“அவரேதானுங்க. ‘ஏழைங்க நெலத்தத் தொடாதீங்க’ன்னு பிஷப் சொன்னதும், எந்திரிச்சு நின்னு கை தட்டுனாரு.”

“அவரா? எதுக்காம்?”

“அதான் தெரியலீங்க்கா. வெளிநாட்டுக் கதைதானேன்னு தட்டுனாரோ, இல்ல வேற யாரெல்லாம் தட்டறாங்கன்னு பாக்கறதுக்கோ. திரும்பித் திரும்பிப் பாத்தாருங்க. அப்புறம் படம் முடியற வரைக்கும் எல்லாருக்கும் அவரு மேலதான் கண்ணு.”

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். “நீ தட்டுனியா, அம்மணி?”

“தட்டுனேனுங்க்கா. அவரு நிப்பாட்டுனதும் நானும் நிப்பாட்டிப்போட்டேன்.”