முள்ளு உதிராத டயர்

இல்ல, நான் கேக்கறேன், இவன் டயர் கடைக்காரனா, இல்ல என் மாமியாரா? டயரை மாட்டுய்யான்னா மாட்ட வேண்டியதுதானே? கையக் கட்டிக்கிட்டு நின்னு, "இது ஆகாது சார்"ங்கறான். எது ஆகாது? அதோ, அந்தக் கண்ணாடி வழியா பாருங்க தம்பி. செவுத்தோரமா நாலு டயர் அடுக்கி வச்சிருக்கு, தெரியுதா? என்னோடது. புத்தம் புதுசு! மேல ரப்பர் முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்குமே, அதுல ஒண்ணு கூட உதிரல. ஸ்டிக்கரைக் கூட கிழிக்கல. ரோட்டையே பாக்காத டயர்! அதைப் போயி பழசுங்கறான், வாய் கூசாம.

உக்காருங்க, எங்க எந்திரிக்கிறீங்க? உங்க வண்டிக்கு டயர் மாட்டியாச்சு, சக்கரத்துக்கு பேலன்சிங் இன்னும் ஆரம்பிக்கல, நான் பாத்துட்டுத்தான் வந்தேன். அந்த வெள்ளை வாடகைக் காருதானே உங்களுது? அதானே. நாள் பூரா ரோட்லயே கெடக்கறவரு, உங்ககிட்ட சொன்னா ஒரு நியாயம் கெடைக்கும்னுதான் சொல்றேன். என் காரு அங்க ஜாக்கி மேல நிக்குது பாருங்க, சக்கரமே இல்லாம, பாக்கவே வயிறெரியுது. பழைய டயரை எல்லாம் ரிம்முலேர்ந்து பிரிச்சுப் போட்டப்புறம் சொல்றான்யா, என் டயரை மாட்ட மாட்டேன்னு! இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?

...சொன்னான், சொன்னான். நாந்தான் "மொதல்ல கழட்டு, அப்புறம் பேசு"ன்னேன். அதுக்குன்னு அப்படியே கழட்டிடறதா? சரி, பழசையே திருப்பி மாட்டிக் குடுன்னா அதுவும் மாட்டானாம். வழுக்கையாம், உள்ள கம்பி தெரியுதாம். புதுசும் ஆகாது, பழசும் ஆகாது. அப்ப நான் என்ன, காரைத் தலையில தூக்கி வச்சிக்கிட்டா போறது?

இருங்க... போன் அடிக்குது. வீட்டுக்காரிதான். கட் பண்ணிட்டேன். எடுத்தா "வந்தாச்சா, வந்தாச்சா"ன்னு ஒரே பாட்டு. ஆஸ்பத்திரி இதோ இந்தத் தெரு முனை திரும்பினா வந்துரும். என் பொண்ணுக்குக் கொழந்தை பொறந்திருக்கு தம்பி. பொண்ணு கொழந்தை! இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க. என் பேத்தியை நாந்தான், என் காருலதான், என் கையால ஓட்டிக்கிட்டுக் கூட்டிட்டுப் போகணும். அந்த ஒரே ஆசைக்குத்தான் காலங்காத்தால இங்க வந்து இவன்கிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்.

நான் யாரு தெரியுமா? பெரிய ஃபாக்டரியில ஸ்டோர் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். என் கையெழுத்து இல்லாம ஒரு திருகாணி வெளிய போகாது. என் முதுகுக்குப் பின்னாடி 'பூட்டு'ன்னு கூப்பிடுவானுங்க. கூப்பிடட்டுமே, எனக்கு அது பெருமைதான். பழசைக் கொண்டா, புதுசை வாங்கிட்டுப் போ, இவ்வளவுதான் நம்ம சட்டம். கையுறை கிழிஞ்சு போச்சுன்னு வருவான். காட்டுன்னு சொல்வேன். ஒரு வெரலுதான் கிழிஞ்சிருக்கும். மிச்ச வெரலு நல்லாத்தானே இருக்கு, போய் வேலையப் பாருன்னு அனுப்பிருவேன்.

வீட்டுலயும் அதே சட்டந்தான், பின்ன? பேஸ்ட் தீந்துருச்சுன்னு வெறுமனே சொன்னா ஆச்சா? டியூபைக் கொண்டு வரணும். நான் அதை ஒரு தடவை உருட்டிப் பாத்து, கத்தரிச்சுப் பாத்து, அப்புறந்தான் பீரோவைத் தொறப்பேன். தொடப்பம் குச்சியாகாம புதுத் தொடப்பம் கெடையாது. என் வீட்டுக்காரி சொல்லுவா, "உங்களுக்கு நான் பொண்டாட்டி இல்லை, ஸ்டோருக்குள்ள வந்த சரக்கு"ன்னு. சொல்லிட்டுப் போறா. இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல ஒரு சாமான் இல்லைன்னு கடைக்கு ஓடினதில்லை தம்பி.

ஒரு தடவை என்ன ஆச்சுங்கறீங்க... ஒரு சப்ளையர், மூட்டை மூட்டையா ரப்பர் வாஷர் கொண்டாந்து எறக்கிட்டான். பாக்கெட்டு பளபளன்னு இருக்கு. எல்லாரும் எடுத்துக்கலாம்னுட்டாங்க. நான் விடுவேனா? ஒண்ணை எடுத்து வளைச்சேன். தயாரிச்ச தேதியப் பாத்தேன். "ஏன்யா, ரப்பர் சும்மா வச்சிருந்தாலே செத்துப் போகும், இது கூடத் தெரியாம யாவாரம் பண்ண வந்துட்டியா"ன்னு கேட்டு, அத்தனையையும் திருப்பி அனுப்பினேன். மேனேஜர் எழுந்து வந்து கையக் குடுத்தாரு. அப்பேர்ப்பட்ட ஆளு நான். என்கிட்ட வந்து இவன் ரப்பரைப் பத்தி பாடம் எடுக்கறான்!

...ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? அது வாஷர். இது டயர். அது வேற, இது வேற.

இந்த டயரை நான் வாங்கின கதையே தனி. ஒரு கடையை இழுத்து மூடிட்டுப் போறான், சரக்கை எல்லாம் வந்த வெலைக்குத் தள்றான்னு கேள்விப்பட்டு ஓடினேன். நல்ல சைசு, நல்ல சரக்கு, விடலாமா? வாங்கிட்டு வந்து ஹால் மூலையில அடுக்கிட்டேன். உடனே மாட்டறதுக்கு எனக்கென்ன கிறுக்கா? வண்டியில இருக்கற டயருக்கு உசுரு இருக்குல்ல? அது சாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு வச்சேன். என் வீட்டுக்காரி ஒரு வாரம் மொறைச்சா. அப்புறம் மேல ஒரு பலகையப் போட்டு, துணியை விரிச்சு, பூந்தொட்டியத் தூக்கி வச்சிட்டா. சம்பந்தி மொத மொத வீட்டுக்கு வந்தப்ப, அதை ஸ்டூலுன்னு நெனச்சுத் தொட்டிய நகத்திட்டு உக்காந்துட்டாரு! நல்ல கனமான மனுஷன். டயர் ஒரு முனகு முனகல. அதுதான் சரக்குங்கறது.

எப்ப வாங்கினதா? அது ஆச்சு... என் பொண்ணு அப்ப பள்ளிக்கூடம் போயிக்கிட்டிருந்தா. ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு அந்த டயருக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சு வெளையாடுவா.

அட, சும்மா இருங்க! நீங்களும் கணக்குப் போட ஆரம்பிச்சிட்டீங்களா?

மாப்பிள்ளைதான் மொதல்ல ஆரம்பிச்சாரு. நல்ல பையன்தான், ஆனா எதையும் நோண்டிப் பாக்கற புத்தி. ஒரு நாள் காருகிட்ட குந்திக்கிட்டு, ஒரு காசை எடுத்து டயர் பள்ளத்துல சொருகறாரு. "மாமா, பள்ளமே இல்லை, காசு நிக்க மாட்டேங்குது"ன்னாரு. காசு நிக்கணும்னா பேங்க்ல போடுங்க மாப்பிள்ளைன்னேன். மூஞ்சி தொங்கிப் போச்சு. வழுக்கைன்னா என்ன, என் தலை கூடத்தான் வழுக்கை. ஓடல?

அப்புறம்... அந்த மழை நாளு. அதைச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். பொண்ணு வயித்துப் புள்ளையோட பின்னாடி உக்காந்திருக்கா. முன்னாடி போன வண்டிக்காரன் டக்குன்னு நின்னான். நானும் பிரேக்கை மிதிச்சேன். மிதிச்சேன், ஆனா காரு நிக்கல தம்பி. தண்ணியில சோப்பு வழுக்கற மாதிரி அது பாட்டுக்குப் போகுது. ஸ்டியரிங்கைத் திருப்பறேன், அதுக்கும் காருக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு காம்பவுண்ட் செவுத்துக்கு ஒரு சாண் முன்னாடி போயி நின்னுச்சு. ஒண்ணும் ஆகல. ஒரு கீறல் இல்லை. ஆனா அவ கதவைத் தொறந்து எறங்கி, கொட்டற மழையில வயித்தப் புடிச்சிக்கிட்டு நடந்தே போயிட்டா. திரும்பிக் கூடப் பாக்கல. நான் ஸ்டியரிங்கைப் புடிச்சிக்கிட்டு மழை விடற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன்.

மறுநாள் அவ சொன்னா, "இனிமே உங்க காருல ஏற மாட்டேன்பா. என் புள்ளையையும் ஏத்த மாட்டேன்." அப்புறம் முந்தா நேத்து ஆஸ்பத்திரியில, என் மூஞ்சியப் பாத்து மனசு எறங்கிட்டா போல. "புது டயர் போட்டுட்டு வாங்கப்பா. பாப்பாவை உங்க காருலயே கூட்டிட்டுப் போலாம்"னா. நான் அப்படியே பறந்தேன். வீட்டுக்குப் போயி பூந்தொட்டிய எறக்கி, துணியை எடுத்து, டயரை எல்லாம் தொடச்சு... என்ன ஒரு சந்தோஷம்ங்கறீங்க! சரக்கு இருக்கு, எடுத்துக் குடுக்கற நாளு வந்திருச்சு.

இவன் என்னடான்னா, டயர் ஓரத்துல இருக்கற நம்பரைப் படிச்சான். எந்த வருஷம் எந்த வாரம் தயாரிச்சதுன்னு அதுலயே இருக்குதாம். அதோட விட்டானா? கட்டை வெரலால ஓரத்தை அழுத்தி வளைச்சுக் காட்டினான். லேசா கோடு கோடா... வெடிப்புங்கறான். வெடிப்பா? சுருக்கம்யா அது! என் மூஞ்சியில கூடத்தான் இருக்கு. என்னைத் தூக்கியா போட்டுட்டாங்க? ...சரி, ரிட்டயர் பண்ணி அனுப்பினாங்க. அது வேற.

அப்புறம் டயர் ரகமெல்லாம் போட்ட ஒரு அட்டையைத் தூக்கிட்டு வந்துட்டான். "எப்படி ஓட்டுவீங்க சார்? தூரமா, பக்கமா? சத்தம் வராதது வேணுமா, நாள்பட ஓடறது வேணுமா, மழையில நல்லாப் புடிக்கறது வேணுமா?" ஏன்யா, நான் டயர் வாங்க வந்தேனா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தேனா? உருண்டையா இருந்தாப் போதும்னேன். அவன் சிரிக்கக் கூட இல்லை. "கொழந்தையைக் கூட்டிட்டுப் போகணும்ங்கறீங்க, மழையில புடிக்கறதுதான் சார் போடணும்"ங்கறான். எல்லாம் தள்ளி விடற பேச்சு. நானா மசிவேன்? என் டயரைத்தான் மாட்டணும்னு சொல்லிட்டு இங்க வந்து உக்காந்துட்டேன். யாரு மொதல்ல எறங்கி வர்றாங்கன்னு பாப்போம்.

மறுபடியும் வீட்டுக்காரி... கட். ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டாங்க. நான் இல்லாம அவங்க எப்படிப் போவாங்க? போக முடியாதுல்ல? அப்புறம் என்ன அவசரம்!

நீங்க என்னத்துக்கு மாத்தறீங்க? உங்க பழைய டயரைப் பாத்தேன், இன்னும் பட்டன், பள்ளமெல்லாம் நல்லாத் தெரியுதே! இன்னும் ஒரு மழைக்காலம் ஓட்டலாமே? ...சவாரி ஏத்தறவங்க, சரி. மத்தவங்க உசுரு, சரி சரி. அதெல்லாம் பேச நல்லா இருக்கு.

ஓ, உங்க போனா? எடுங்க, எடுங்க. சவாரி விட்டுரக் கூடாது... என்னது, டயரைப் பத்தியா கேக்கறாங்க? டயர் எப்படி இருக்குன்னா? அட! "இப்பத்தான் புதுசா போட்டேம்மா, முனையில டயர் கடையிலதான் நிக்கறேன்"னு சொல்றீங்க. இந்தக் காலத்துல எந்தச் சவாரிங்க வண்டியில ஏறறதுக்கு முன்னாடி டயரைக் கேக்குது? ஏசி இருக்கான்னு கேப்பாங்க, சில்லறை இருக்கான்னு கேப்பாங்க. டயரைக் கேக்கணும்னா அதுக்கு ஒரு விவரம் வேணும். எந்தப் புண்ணியவான் பெத்த பொண்ணோ, எவ்வளவு பொறுப்பா வளத்திருக்கான் பாருங்க!

கெளம்பிட்டீங்களா? வண்டி ரெடி ஆயிருச்சா? எங்க சவாரி? ...இந்த ஆஸ்பத்திரியா! நானும் அங்கதான் போகணும். பக்கத்துல நிக்கற வண்டின்னு போன்ல பாத்து உங்களுக்கு அடிச்சிருக்கும். யாரு? ...ஒரு அம்மா, பொண்ணு, கைக்கொழந்தை. நல்லது, நல்லது. எங்க கொண்டு போய் விடணும்? ...தண்ணித் தொட்டித் தெருவா? அட, நம்ம தெரு! நம்ம தெருவுல இன்னும் யாரு வீட்டுல பிரசவம்? எனக்குத் தெரியாம...

பச்சைக் கேட்டு வீடா?

தம்பி... அந்தப் போனை ஒரு தடவை காட்டுங்க. அந்த நம்பரைக் காட்டுங்க.

இருங்க தம்பி! நில்லுங்க! முன் சீட்டு காலியாத்தானே இருக்கும்? நான் ஓரமா உக்காந்துக்கறேன். வாயே தொறக்க மாட்டேன், சத்தியமா. கொழந்தையோட தாத்தாய்யா நான்! ...என்னது? அதையும் சொல்லிட்டாளா? வழியில யாரையும் ஏத்தக் கூடாதுன்னா? அதுவும் டயர் கடையிலேர்ந்து யாரையும்...?

போயிட்டான்.

...ஏம்ப்பா, கடைக்காரரே. இங்க வா. அந்த மழையில புடிக்கறதுன்னு சொன்னியே, அதையே போடு. நாலும். ஆமாய்யா, சீக்கிரம் போடு, நான் என் பேத்தியை வீட்டு வாசல்லயாவது எறக்கி வாங்கணும். என் காருல கூட்டிட்டுப் போகணும்னு எவ்வளவு ஆசையா இருந்தேன் தெரியுமா உனக்கு? உனக்கென்ன தெரியும்.

எதை? அந்த நாலையுமா? தூக்கிப் போடறதா? கையை எடுய்யா! முள்ளு கூட உதிரல அதுல. டிக்கியில ஏத்து. பேத்தி வளந்தா ஸ்டூலு வேணும்ல.